போலி நீலத்திரை ஸ்கிரீன்சேவர்: முதலில் பவர் பட்டன், பிறகுதான் டவுன்லோட்

போன ஆடியில், சாரல் விடாத ஒரு காலை. அரவேனுவிலிருந்து ஒரு அண்ணன் சிபியுவை ரெயின்கோட்டில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்பக்கம் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். பெட்டி நனையவில்லை. அவர்தான் தெப்பமாக நனைந்திருந்தார்.

“தம்பி, நேத்து சாயங்காலத்திலிருந்து நீலமா வருது. தானா ரீஸ்டார்ட் ஆகுது. மறுபடியும் நீலம். மூணு தடவை பிளக்கைப் பிடுங்கிட்டேன், அப்பவும் வருது.”

மாட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது. விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல்-பவர் 41’ மூன்று முறை இருந்தது, அதாவது மின்சாரம் திடீரென்று போன பதிவு. விண்டோஸ் உண்மையிலேயே நொறுங்கினால் விழும் ‘பக்செக் 1001’ ஒன்றுகூட இல்லை. இருவரும் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம், திரை நீலம். மவுஸைத் தொட்டேன், மறைந்துவிட்டது. கணினியைத் தொடாமல் விட்டால், விண்டோஸ் நொறுங்கும்போது வரும் நீலத்திரையைப் போலவே காட்டும் ஸ்கிரீன்சேவர் அது. லீவுக்கு வந்த மருமகப் பிள்ளை போட்டுவிட்டுப் போனது.

கணினிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பிளக்கைப் பிடுங்கியபோது திறந்திருந்த, அவருடைய ஹோம்ஸ்டே அறைக் கணக்கு எக்செல் கோப்பு அதன்பிறகு திறக்கவே இல்லை.

இதைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிற எல்லோரும் டவுன்லோடில் ஆரம்பிக்கிறார்கள். போலித் திரையால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதைப் பார்த்துப் பயந்தவரின் கை எங்கே போகிறது என்பதில்தான் கெடுதல். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

முன்கூட்டியே தேவையானவை

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினி, அதில் அட்மின் பாஸ்வேர்டு, ஒரு பென் டிரைவ், அரை மணி நேரம். அந்தக் கணினியைத் தினமும் தொடுகிற ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் தெரியாமல் செய்தால்தான் வேடிக்கை என்று நினைப்பவர்கள் மேலே சொன்ன அண்ணனை மறுபடி ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தக் கணினியில் போடக் கூடாது

தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடை போடும் இடத்துக் கணினியில் வேண்டாம். மாதக் கடைசியில் சிறு விவசாயிகளின் இலைக் கணக்கு முடிக்கும் கணினியிலும் வேண்டாம். லாரி காத்திருக்கும்போது திரை நீலமானால் யாரும் யோசிக்க மாட்டார்கள், ஸ்விட்சை அணைப்பார்கள். மருந்துக்கடை பில் கணினி, சிசிடிவி பார்க்கும் கணினி, பள்ளியில் தேர்வு சமயத்துக் கணினி எல்லாம் இதே கணக்குதான்.

ஏற்கெனவே கடந்த ஒரு மாதத்தில் உண்மையான நீலத்திரை வந்த கணினியிலும் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில், மழை மாதங்களில் ராம் என்ற நினைவக அட்டையின் உலோகக் காலில் பாசி படிந்த மாதிரி மங்கிப்போய் நிஜமாகவே நீலத்திரை வருவதுண்டு. கழற்றி, ரப்பரால் துடைத்து மாட்டினால் பல நேரம் சரியாகும். நிஜமும் போலியும் ஒரே பெட்டியில் மாறி மாறி வந்தால் எதைச் சரிசெய்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

உங்கள் சொந்த லேப்டாப், வீட்டு டெஸ்க்டாப், நண்பனுடைய கேம் ஆடும் கணினி ஆகியவை போதும்.

2. பவர் பட்டனைச் செயலிழக்க வையுங்கள்

கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ திறந்து, இடப்பக்கம் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்பதை அழுத்துங்கள். பவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று கேட்கும். ‘டூ நத்திங்’ தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். லேப்டாப்பில் பேட்டரி, சார்ஜர் என்று இரண்டு பத்தி இருக்கும். இரண்டிலும் மாற்ற வேண்டும்.

பயந்தவர் முதலில் செய்வது பட்டனை ஒரு தட்டு தட்டுவதுதான். அந்த ஒரு தட்டு வீணாகப் போனாலே பாதி ஆபத்து குறைகிறது. பட்டனை அழுத்தும்போது மவுஸோ கீபோர்டோ இடித்துத் திரை தானாக மறைந்துவிடுவதும் நடக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு எல்லை உண்டு. பட்டனைச் சில நொடிகள் விடாமல் பிடித்தால், நீங்கள் என்ன அமைத்திருந்தாலும் கணினி அணைந்துவிடும். பிளக்கையும் யுபிஎஸ் ஸ்விட்சையும் எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. அதற்காகத்தான் அடுத்த படி.

3. சேமிப்பைச் சரிபாருங்கள்

வேர்டு, எக்செல் இரண்டிலும் ‘ஆட்டோரெகவர்’ வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை வேலை செய்யும். அதை 2 நிமிடமாகக் குறையுங்கள். லிப்ரே ஆபீஸிலும் இதே மாதிரி அமைப்பு இருக்கிறது.

இங்கே புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. ஆட்டோரெகவர் என்பது சேமிப்பு அல்ல, விபத்து நடந்தால் கைகொடுக்கிற நகல் மட்டும்தான். கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தும் பழக்கத்தை அது ஈடுசெய்யாது. டேலி கணக்கு மென்பொருளில் பாதி போட்ட வவுச்சர், நீங்கள் ‘அக்செப்ட்’ கொடுக்கும்வரை எங்குமே பதிவாகாது.

முக்கியமான ஃபோல்டர்களைப் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். வேடிக்கை பார்க்க எதற்கு இத்தனை முஸ்தீபு என்று தோன்றும். ஆடி மாதத்தில் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊரில் இந்த நகல் எப்படியும் வேண்டும்.

4. கோப்பை எங்கிருந்து எடுப்பது

விண்டோஸுக்கு ஒரே இடம்தான்: மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் என்ற இலவசக் கருவிகள் பக்கம். அங்கே ‘ப்ளூஸ்கிரீன்’ என்ற பெயரில் ஒரு சிறிய ஜிப் கோப்பு இருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்க் ருசினோவிச் எழுதியது. சிஸ்இன்டர்னல்ஸை 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டதால், நீலத்திரைக்குப் பேர்போன நிறுவனமே அதன் போலியையும் இலவசமாகத் தருகிறது.

வேறு எந்தத் தளமும் வேண்டாம் என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கிரீன்சேவர் கோப்பின் கடைசியில் எஸ்.சி.ஆர். என்ற மூன்றெழுத்து இருக்கும். அது படமோ வீடியோவோ அல்ல, முழுக்க முழுக்க ஓடக்கூடிய ஒரு நிரல். எக்ஸ்இ கோப்பு செய்யும் எதையும் அது செய்யும். வைரஸ் எழுதுகிறவர்கள் இந்தப் பெயரில் ஒளிந்து வருவது பழைய பழக்கம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியது, ‘இலவச 500 ஸ்கிரீன்சேவர்’ என்று சொல்லும் தளத்தில் கிடைத்தது, எதையும் தொடாதீர்கள்.

டவுன்லோட் ஆன ஜிப்பை ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ கொடுங்கள். ஜிப்புக்குள் இருந்தபடியே இரட்டை கிளிக் செய்வது அடுத்த பொதுத் தவறு. அப்போது கோப்பு ஒரு தற்காலிக இடத்தில் பிரிந்து ஓடும், பிறகு காணாமல் போய்விடும்.

5. நிறுவுதல்

எஸ்.சி.ஆர். கோப்பை ரைட் கிளிக் செய்தால் ‘இன்ஸ்டால்’ என்று வரும். எல்லோரும் அதை அழுத்துவார்கள், வேலையும் செய்யும். ஆனால் அது கோப்பை எங்கேயும் நகர்த்துவதில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடப்பதையே ஸ்கிரீன்சேவர் என்று குறித்து வைக்கிறது. ஒரு வாரம் கழித்து டவுன்லோட்ஸைச் சுத்தம் செய்தால் ஸ்கிரீன்சேவரும் போய்விடும். நடுவில் வேறு ஸ்கிரீன்சேவரைத் தேர்ந்தெடுத்தாலும் இது பட்டியலிலிருந்து காணாமல் போகும். “போட்டது தானா அழிஞ்சுடுச்சு சார்” என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான்.

சரியான முறை: கோப்பை காப்பி செய்து, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32-ல் ஒட்டுங்கள். அட்மின் அனுமதி கேட்கும், கொடுங்கள். அங்கே வேறு எதையும் தொடாதீர்கள்.

பிறகு செட்டிங்ஸில் ‘பர்சனலைசேஷன்’, அதற்குள் ‘லாக் ஸ்கிரீன்’, கடைசிக்குப் போனால் ‘ஸ்கிரீன் சேவர்’. பட்டியலில் சிஸ்இன்டர்னல்ஸ் ப்ளூஸ்கிரீன் இருக்கும்.

‘செட்டிங்ஸ்’ பட்டனை அழுத்தினால் போலி டிஸ்க் ஓட்டம் என்று ஒரு தேர்வு தெரியும். நம்பகத்தன்மைக்காக டிஸ்கை ஓட வைப்பது அது. தேவையில்லை என்பது என் கருத்து. நல்ல நிலையில் இருக்கும் டிஸ்கைச் சிரிப்புக்காக ஓட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

6. நேரக் கணக்கு

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஸ்கிரீன்சேவர் வராது. திரை கறுப்பாகிவிடும், அவ்வளவுதான்.

காரணம், இரண்டு கடிகாரங்கள் தனித்தனியாக ஓடுகின்றன. ஸ்கிரீன்சேவருக்கு ‘வெயிட்’ என்று ஒரு நேரம். பவர் செட்டிங்ஸில் திரையை அணைக்க இன்னொரு நேரம். எது முதலில் முடிகிறதோ அதுதான் ஜெயிக்கும். ஸ்கிரீன்சேவர் 15 நிமிடம், திரை அணைவது 10 நிமிடம் என்று இருந்தால் நீலத்தை நீங்கள் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.

நான் வைப்பது: ஸ்கிரீன்சேவர் 5 நிமிடம், திரை அணைவது 20 நிமிடம், ஸ்லீப் அதற்கும் மேல். 5-க்குக் கீழே போக வேண்டாம். யாராவது ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நீலம் வந்து குதிக்கும். திரையை அணைக்கும் நேரத்தை ‘நெவர்’ என்றும் வைக்காதீர்கள். ஸ்கிரீன்சேவர் என்ற பெயரில் ‘சேவர்’ இருந்தாலும் அது மின்சாரத்தை மிச்சப்படுத்துவதில்லை. கரண்ட் போன பிறகு யுபிஎஸ் பேட்டரியில் யாருமில்லாத அறைக்கு நீலத்திரை காட்டிக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

லேப்டாப்பில் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் திரை அணையும் நேரம் தனித்தனி. காலையில் வேலை செய்தது, கரண்ட் போன மதியத்தில் வேலை செய்யவில்லை என்றால் பேட்டரிப் பக்கத்தை மாற்ற மறந்திருக்கிறீர்கள்.

நேரம் சரியாக இருந்தும் வரவில்லையா? வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறதா, ஆன்லைன் மீட்டிங் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஸ்கிரீன்சேவரைத் தடுக்கும். அதுவும் இல்லையென்றால் மவுஸைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். பளபளப்பான மேசை மேல் ஆப்டிகல் மவுஸ் தானாகவே துளித்துளியாக நகர்ந்துகொண்டிருக்கும். விண்டோஸுக்கு அது நீங்கள் வேலை செய்வதாகத் தோன்றும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

7. ‘ஆன் ரெஸ்யூம்’ கட்டம்

நேரம் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, திரும்பி வரும்போது லாக்இன் பக்கம் காட்டு என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் இருந்தால், மவுஸை ஆட்டியவர் பார்ப்பது பாஸ்வேர்டு கேட்கும் பக்கம். “பார், ரீஸ்டார்ட் ஆகிவிட்டது” என்று அவர் முடிவு கட்டிவிடுவார். திறந்து வைத்த கோப்புகள் போய்விட்டன என்ற பயம் வேறு.

வீட்டுக் கணினி என்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். பலர் நடமாடும் இடமென்றால் பாதுகாப்புக்காக டிக் இருக்கட்டும். ஆனால் மானிட்டர் ஓரத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டுங்கள்: ‘நீலம் வந்தால் மவுஸை ஆட்டவும்’. வேடிக்கை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

8. ஓட்டிப் பாருங்கள், ஆனால் பக்கத்தில் இருங்கள்

‘ப்ரிவியூ’ அழுத்துங்கள். சுமார் 15 நொடிக்கு ஒரு முறை காட்சி மாறும். ஒரு நீலத்திரை, பிறகு கணினி மறுபடி தொடங்குவது போன்ற காட்சி, பிறகு இன்னொரு நீலத்திரை. மக்களை அதிகம் மிரட்டுவது நீலத்தைவிட அந்தப் போலி ரீஸ்டார்ட்தான். அரவேனு அண்ணன் ‘தானா ரீஸ்டார்ட் ஆகுது’ என்றாரே, அது இது.

திரையில் வரும் பதிப்பு எண், டிரைவர் பெயர்கள், நினைவக அளவு எல்லாம் உங்கள் கணினியிலிருந்தே எடுக்கப்படுபவை. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

ஒரு விஷயம். இது காட்டுவது என்டி, 2000, எக்ஸ்பி காலத்து நீலம், வெள்ளை எழுத்தும், இலக்கமும் ஆங்கில எழுத்தும் கலந்த பதினாறடிமான எண்களுமாக. சோக முகம் விண்டோஸ் 8-ல் வந்தது. கியூஆர் கோடு 2016-ல் சேர்ந்தது. விண்டோஸ் 11-ன் புதிய பதிப்பில் 2025-லிருந்து அந்தத் திரை கறுப்பாகவே ஆகிவிட்டது. ஆகவே கல்லூரிப் பிள்ளைகள் இதைப் பார்த்து “இது என்ன பழசா இருக்கு?” என்பார்கள். எக்ஸ்பியில் கணக்கு எழுதிய நாற்பது வயதுக்காரர்கள்தான் துள்ளி எழுவார்கள். யாருக்காகப் போடுகிறீர்கள் என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

9. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற தொகுப்பில் ‘பிஎஸ்ஓடி’ (ப்ளூ ஸ்கிரீன் ஆஃப் டெத்) என்று ஒன்று இருக்கிறது. ஜேமி ஜவின்ஸ்கி 1992-லிருந்து பராமரித்து வரும் தொகுப்பு. விண்டோஸின் பல தலைமுறைகள், லினக்ஸ் நொறுங்கும்போது வரும் கெர்னல் பேனிக், பழைய மேக்கின் சோக முகம், அமிகா என்ற பழைய கணினியின் சிவப்புக் கட்டத்தில் மின்னும் ‘குரு மெடிடேஷன்’ என்று ஒரு பெரிய கூட்டமே அதற்குள் இருக்கும்.

உங்கள் டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) மென்பொருள் கடையிலிருந்து எக்ஸ்ஸ்கிரீன்சேவரையும், அதன் டேட்டா, எக்ஸ்ட்ரா என்று வரும் துணைத் தொகுப்புகளையும் சேர்த்தே நிறுவுங்கள். முதன்மைத் தொகுப்பை மட்டும் போட்டுவிட்டுப் பட்டியலில் பிஎஸ்ஓடியைத் தேடி அலைகிறவர்கள் அதிகம்.

அடுத்து, டெஸ்க்டாப்போடு வந்த ஸ்கிரீன்சேவரை நிறுத்துங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திரையைப் பிடிக்கப் பார்த்தால் எது லாக் செய்தது என்று தெரியாமல் முழிப்பீர்கள். இது லினக்ஸில் திரையைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-க்காக (எக்ஸ்ஆர்க்) எழுதப்பட்டது. புதிய முறையான வேலாண்டில் ஒழுங்காக நடந்துகொள்ளாது, எனவே லாக்இன் செய்யும்போது எக்ஸ்ஆர்க் அமர்வைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு அமைப்பு ஜன்னலில் ‘ஒன்லி ஒன் ஸ்கிரீன் சேவர்’ வைத்து, பிஎஸ்ஓடியைச் சொடுக்கி, அதன் செட்டிங்ஸில் வேண்டாத கணினிகளின் டிக்கை எடுத்துவிடலாம். லினக்ஸ் கணினியில் விண்டோஸ் நீலத்தை மட்டும் விட்டு வைப்பதில் தனிச் சுகம் இருக்கிறது. யாருமே பயப்பட மாட்டார்கள், சிரிக்க மட்டும் செய்வார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். விண்டோஸுக்கு இந்தத் தொகுப்பு கிடையாது. அந்தப் பெயரில் விண்டோஸ் கோப்பு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

10. நிஜமா போலியா என்று பார்ப்பது

வீட்டில் எல்லோருக்கும் இந்த வரிசையைச் சொல்லி வையுங்கள்.

முதலில் போனில் ஒரு போட்டோ. நிஜமாக இருந்தால் அந்தப் பிழைக் குறியீடு தேவைப்படும், கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும். பிறகு மவுஸை ஆட்டுங்கள். மறைந்தால் போலி. மறையாவிட்டால் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணையவில்லை என்றால் கணினி உண்மையிலேயே நின்றுபோயிருக்கிறது. அப்போதும் சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை விடுங்கள். நினைவகத்தின் நகலை எழுதிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்று பின்னால் கிடைப்பது அதுதான், சரிசெய்ய வருபவர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. நீலத்திரையில் போன் நம்பர் இருந்து, ‘உடனே அழைக்கவும்’ என்று சொன்னால், அது நிஜமும் இல்லை, நம் ஸ்கிரீன்சேவரும் இல்லை. பிரவுசரில் திறந்த மோசடிப் பக்கம். விண்டோஸின் உண்மையான நீலத்திரை எந்தப் போன் நம்பரையும் காட்டாது. ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்தி மூடுங்கள். மூடாவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். அந்த நம்பருக்கு மட்டும் போன் போடாதீர்கள்.

2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் நிஜ நீலத்தில் நின்றன. அன்றைக்குப் போலி நீலம் போட்டிருந்த ஒருவர் எனக்குப் போன் செய்து, “நம்ம மெஷினும் போச்சு” என்றார். மவுஸை ஆட்டச் சொன்னேன்.

11. எடுக்கும்போது

ஸ்கிரீன்சேவர் பட்டியலில் ‘நன்’ (None, எதுவும் இல்லை) தேர்ந்தெடுத்து ‘அப்ளை’ கொடுங்கள். அதன் பிறகே சிஸ்டம்32-ல் நீங்கள் ஒட்டிய அந்த ஒரு கோப்பை அழியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அழிக்க முயன்றால் விண்டோஸ் விடாது.

பவர் பட்டனைப் பழையபடி ‘ஷட் டவுன்’ ஆக்க மறக்காதீர்கள். இதை மறந்துவிட்டு, ‘பட்டன் வேலை செய்யவில்லை’ என்று கேபினெட்டைக் கழற்றச் சொல்லி ஒருவர் வந்தார். பட்டனைப் பூட்டிக் கொடுத்தது நான்தான். காசு வாங்கவில்லை. ஆட்டோரெகவரை மட்டும் 2 நிமிடத்திலேயே விட்டுவிடுங்கள்.